பக்கத்து வீட்டில் கரண்ட் இருக்கா? – கணினி கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸோ பிஎஸ்டியோ போட்ட லேப்டாப் ஆன் ஆகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் ஒத்துழைக்க மாட்டேன் என்கிறது. சிலருக்குக் கறுப்பு, சிலருக்கு எழுத்து மட்டும், ஒருவருக்குப் படம் வந்தும் பொம்மலாட்டத் திரை மாதிரி இழுபட்டு நிற்கிறது. எழுதியவர்களில் அநேகம் பேர் கேரளா, ஆந்திரா எல்லையை ஒட்டியவர்கள் என்பதால் இந்த இதழை அவர்களுக்கே ஒதுக்கிவிட்டேன்.

படிப்பதற்கு முன்னால் ஒன்று. இங்கே ஆங்கில எழுத்து அச்சிடுவதில்லை, ஆகவே கட்டளைகளை ஒலிப்படிதான் எழுதியிருக்கிறேன். நீங்கள் கீபோர்டில் ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்ட வேண்டும். குழப்பம் வரும் இடத்தில் எழுத்தெழுத்தாகச் சொல்லியிருக்கிறேன், திட்டாதீர்கள்.

கே: அண்ணா, பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம் படிக்கிறேன். மாமா கொடுத்த பழைய இன்டெல் லேப்டாப்பில் ஃப்ரீபிஎஸ்டி போட்டேன். படத்திரை காட்டும் எக்ஸ்ஆர்க்கும் போட்டாச்சு. ஸ்டார்ட்எக்ஸ் அடித்தால் 'நோ ஸ்கிரீன்ஸ் ஃபவுண்ட்' என்று வந்து நின்றுவிடுகிறது. திரை என் கண் முன்னாலேயே இருக்கிறது, அது இல்லை என்கிறது! யாரோ எழுதியதைப் பார்த்து கான்ஃபிக் ஃபைலும் வைத்தேன். மூன்று தடவை அழித்து மறுபடி நிறுவியும் இதே கதை.
– ஒரு மாணவர், புளியரை

ப: தம்பி, நான்காவது தடவை நிறுவ உட்கார்ந்திருந்தால் எழுந்துவிடு. உன் நிறுவலில் கோளாறு இல்லை. ஃப்ரீபிஎஸ்டி இயல்பாகவே எழுத்துத் திரையோடுதான் வரும், படத்திரையை நாம்தான் ஒவ்வொன்றாகக் கட்ட வேண்டும், அதில் ஒரு கல்லை வைக்க மறந்திருக்கிறாய்.

முதலில் அந்த 'ஸ்கிரீன்' என்ற வார்த்தை. நீ கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு கோபப்படுகிறாய். எக்ஸ் (உன் எக்ஸ்ஆர்க் பின்பற்றும் படத்திரை முறை) அந்த வார்த்தையில் சொல்வது கண்ணாடியை இல்லை. கிராஃபிக்ஸ் சிப், அதற்கான டிரைவர், அதில் மாட்டிய மானிட்டர் மூன்றும் ஒத்துப்போய் உருவாகும் வரைபரப்பைத்தான் அது ஸ்கிரீன் என்கிறது. எக்ஸ் எம்ஐடியில் 1984இல் ஆரம்பித்தது, இன்றைக்கும் ஓடும் எக்ஸ்11 வந்தது 1987இல். அந்தக் காலத்து வார்த்தைகளை அப்படியே சுமந்துகொண்டு வருகிறது, என்ன செய்ய.

இரண்டாவது, 'நோ ஸ்கிரீன்ஸ் ஃபவுண்ட்' என்பது காரணம் இல்லை, கடைசிப் புலம்பல். காரணம் அதற்கு மேலே லாகில் இருக்கிறது. வார் ஃபோல்டருக்குள் லாக் ஃபோல்டர், அதில் எக்ஸ்ஆர்க் என்று தொடங்கி நடுவில் பூஜ்யத்தோடு லாக் என்று முடியும் ஃபைல். அதைத் திறந்தால் ஒவ்வொரு வரியின் முன்னாலும் அடைப்புக்குறிக்குள் ஒரு குறி இருக்கும். இரண்டு ஐ என்றால் வெறும் தகவல், இரண்டு டபிள்யூ எச்சரிக்கை, இரண்டு ஈ என்றால் பிழை, இரண்டு நட்சத்திரம் என்றால் நீ எழுதிய கான்ஃபிக் ஃபைலிலிருந்து எடுத்தது. இரண்டு ஈ உள்ள வரிகளை மட்டும் கீழிருந்து மேலே படித்துக்கொண்டு போ. எச்சரிக்கைகளைப் பார்த்து பயப்படாதே, நன்றாக ஓடும் மெஷினிலும் அவை பத்துப் பதினைந்து இருக்கும்.

உன் லாகில் 'டிஆர்ஐ' ஃபோல்டரில் 'கார்டு0' என்று ஒரு பேர் வரும் என்று நினைக்கிறேன். அதன் பக்கத்தில் 'நோ சச் ஃபைல்' என்று இருந்தால் ஒரு வைத்தியம், 'பெர்மிஷன் டினைடு' என்று இருந்தால் வேறு வைத்தியம். முதலாவது என்றால் சிஸ்டத்தின் மையமான கெர்னலே கிராஃபிக்ஸ் சிப்பை இன்னும் கையில் எடுக்கவில்லை. இரண்டாவது என்றால் கெர்னல் எடுத்துவிட்டது, உன் யூசருக்கு அனுமதி இல்லை.

முதலாவதுக்கு: டிஆர்எம்-கேமோட் என்ற பேக்கேஜைப் போடு. போட்டதும், பூட் ஆகும்போது படிக்கப்படும் ஆர்சி டாட் கான்ஃப் என்ற ஃபைலில் எழுத ஓடாதே. ரூட்டாக (முழு அதிகாரம் உள்ள யூசராக) இருந்து கையாலேயே ஒருமுறை ஏற்றிப் பார்: கேஎல்டிலோட், ஒரு இடைவெளி, ஐ915கேஎம்எஸ். ஏற்றியதும் திரை ஒரு நொடி மினுங்கி, எழுத்துகள் சின்னதாகிக் கூர்மையானால் வேலை முடிந்தது. மாறாகத் திரை உறைந்து போனாலும் கவலை இல்லை, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துப் போட்டால் பழையபடி எழுத்துத் திரைக்கு வந்துவிடுவாய். முதலிலேயே ஆர்சி டாட் கான்ஃபில் எழுதிவிட்டு உறைந்தால், ஒவ்வொரு தடவை பூட் ஆகும்போதும் உறையும், அப்புறம் சிங்கிள் யூசர் என்ற பழுதுபார்க்கும் முறைக்குப் போய் டிஸ்க்கை எழுதும்படி மவுண்ட் செய்து அந்த வரியை அழித்து... அந்தக் கஷ்டம் உனக்கு எதற்கு? கையால் ஏற்றியது உறையாமல் ஓடினால் மட்டும் ஆர்சி டாட் கான்ஃபில் கேஎல்டி லிஸ்ட் (நடுவில் இடைவெளி இல்லை, அடிக்கோடு) என்ற வரியில் அந்தப் பெயரைச் சேர். பூட் லோடர் கான்ஃபில் போடச் சொல்லும் பழைய குறிப்புகள் கண்ணில் படும், அதைக் கேட்காதே. உன்னுடையது இன்டெல் என்பதால் இந்தப் பெயர். புதிய ஏஎம்டி சிப் வைத்திருப்பவர்கள் ஏஎம்டிஜிபியு என்றும், பழைய ரேடியான்காரர்கள் ரேடியான்கேஎம்எஸ் என்றும் படித்துக்கொள்ளுங்கள்.

'பெர்மிஷன் டினைடு' என்றால் உன் யூசரை வீடியோ என்ற குரூப்பில் சேர்த்துவிட்டு, லாக்அவுட் செய்து மறுபடி உள்ளே வா. உள்ளே வராமல் அதே செஷனில் ஸ்டார்ட்எக்ஸ் அடித்துவிட்டு "சேர்த்தும் வரவில்லை" என்று சொல்பவர்கள் என் கடைக்கே வந்திருக்கிறார்கள்.

அப்புறம் நீ எழுதிவைத்த கான்ஃபிக் ஃபைல். அதை அழிக்க வேண்டாம், பெயரை மாற்றி ஓரமாக வை. அதில் டிரைவர் என்று 'வெசா' எழுதியிருப்பாய் என்று சந்தேகம். வெசா டிரைவர் பழைய பயாஸ் இருந்தால்தான் நடக்கும், அதற்குப் பின் வந்த யூஈஎஃப்ஐ முறையில் பூட் ஆகும் மெஷினில் அது எழுந்திருக்காது. இன்றைய எக்ஸ்ஆர்க் சிப்பையும் பேனலையும் தானே பார்த்துக்கொள்ளும், அதற்குள்ளேயே 'மோட்செட்டிங்' என்று ஒரு டிரைவர் இருக்கிறது, அதற்கு ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை. மானிட்டரின் கிடைமட்ட வேகம் இத்தனை, செங்குத்து வேகம் இத்தனை என்று கையால் எழுதியதெல்லாம் குழாய் மானிட்டர் காலம். தப்பாக எழுதினால் மானிட்டர் கெட்டுவிடும் என்று எச்சரிக்கை போட்டிருந்த காலம் அது. அந்தக் காலத்து ஃபைலை இந்தக் காலத்து லேப்டாப்பில் வைத்தால், தானாகக் கண்டுபிடித்திருக்க வேண்டியதையும் அது தடுத்துவிடும்.

ஒன்று மட்டும் மனசில் வைத்துக்கொள். நாளைக்கு ஃப்ரீபிஎஸ்டியின் அடுத்த ரிலீஸுக்கு மாறினால் இதே கறுப்புத் திரை திரும்ப வரலாம். பழைய கெர்னலுக்குக் கட்டிய மாட்யூல் புதுக் கெர்னலோடு ஒட்டாமல் 'வெர்ஷன் மிஸ்மேட்ச்' என்று கத்தும். அப்போதும் நிறுவலை அழிக்காதே, புதுக் கெர்னலுக்குக் கட்டிய டிஆர்எம்-கேமோட் வேண்டும், அவ்வளவுதான்.

கே: குமுளியில் மலஞ்சரக்குக் கடை. கணக்குக்கு லினக்ஸ் மின்ட் போட்ட லேப்டாப் வைத்திருக்கிறோம். புற்றடி ஏலக்காய் ஏலத்தின் விலையை வாடிக்கையாளர்களும் பார்க்கட்டும் என்று சுவரில் ஒரு பெரிய மானிட்டர் மாட்டி நீளமான விஜிஏ கேபிள் இழுத்தோம். படம் வருகிறது, ஆனால் 1024க்கு 768தான், எல்லாம் அகலமாக இழுபட்டுத் தெரிகிறது. மானிட்டரோ 1920க்கு 1080. டிரைவர் மாற்ற வேண்டுமா?
– ஒரு வியாபாரி, குமுளி

ப: டிரைவரைத் தொடாதீர்கள், கேபிளைப் பாருங்கள். அந்த 1024க்கு 768 என்ற எண்ணே கேபிளைத்தான் கை காட்டுகிறது.

மானிட்டர் ஒவ்வொன்றுக்குள்ளும் 'ஈடிட்' என்று ஒரு சின்னக் குறிப்பு இருக்கிறது, அடிப்படை அளவு 128 பைட், அதாவது இந்தப் பத்தியில் உள்ள எழுத்தைவிடக் குறைவு. நான் யார், எந்த அளவில் எல்லாம் படம் காட்டுவேன் என்று அதில் எழுதியிருக்கும். லேப்டாப் அதைப் படித்துத்தான் அளவை முடிவு செய்கிறது. படிக்க முடியாவிட்டால், ஆபத்தில்லாத அளவு என்று 1024க்கு 768இல் போய் நின்றுகொள்ளும். விஜிஏ பிளக்கில் 15 இடங்கள் இருக்கின்றன அல்லவா, அதில் 12ஆம் ஊசியும் 15ஆம் ஊசியும் இந்தக் குறிப்பைப் படிப்பதற்கானவை. நிறமும் படமும் போவது வேறு ஊசிகள் வழியாக. அதனால்தான் மலிவான நீளக் கேபிளில் இந்த இரண்டு கம்பியும் இல்லாமலோ அறுந்தோ இருந்தாலும் படம் அழகாக வந்துகொண்டே இருக்கும், யாருக்கும் கேபிள் மேல் சந்தேகமே வராது. ஊசியை எண்ணிப் பார்த்து 9ஆம் இடம் காலியாக இருந்தால் பதறாதீர்கள், பல கேபிள்களில் அது வேண்டுமென்றே விடப்பட்டது.

மானிட்டர் வாங்கும்போது கூட வந்த குட்டைக் கேபிளை லேப்டாப்பை ஏணிப் பக்கத்தில் தூக்கிக்கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள். உடனே 1920க்கு வந்தால் தீர்ப்பு வந்துவிட்டது. லேப்டாப்பில் எச்டிஎம்ஐ இருந்தால் விஜிஏவை விட்டுவிட்டு அதில் மாட்டுவது இன்னும் நல்லது.

கேபிளைச் சுவருக்குள் பதித்துப் பூசிவிட்டோம், மாற்ற முடியாது என்றால் (இப்படித்தான் சொல்லப் போகிறீர்கள் என்று தெரியும்) கையால் அளவைச் சொல்லிக் கொடுக்கலாம். டெர்மினலில் சி, வி, டி என்று தட்டி, இடைவெளி விட்டு 1920, இடைவெளி, 1080. 'மோட்லைன்' என்று தொடங்கும் ஒரு நீள வரி வரும், அதில் முதலில் 173 என்ற எண் இருக்கும். அந்த வரியில் பெயரிலிருந்து கடைசிவரை நகலெடுத்து, எக்ஸ்ரேண்டர் (எக்ஸ், ஆர், ஏ, என், டி, ஆர்) கட்டளையோடு 'நியூமோட்' என்று சேருங்கள். பிறகு 'ஆட்மோட்' என்று விஜிஏ வாசலின் பெயரையும் புது அளவின் பெயரையும் கொடுங்கள். கடைசியாக 'அவுட்புட்', 'மோட்' என்று அதை ஓட்டுங்கள். நியூமோட், ஆட்மோட், அவுட்புட், மோட் எல்லாவற்றுக்கும் முன்னால் இரண்டு சிறுகோடு. வாசலின் பெயர் உங்கள் மெஷினில் என்ன என்பதை, எக்ஸ்ரேண்டர் என்று மட்டும் வெறுமனே தட்டினாலே அது பட்டியல் போட்டுச் சொல்லும். பெரும்பாலும் லேப்டாப்பின் சொந்தப் பேனல் ஈடிபி என்றும் வெளி மானிட்டர் விஜிஏ என்றும் தெரியும். இது எல்லாம் மறுபடி ஆன் செய்தால் மறந்துவிடும், ஆகவே மூன்று வரியையும் உங்கள் வீட்டு ஃபோல்டரில் புள்ளியோடு தொடங்கும் எக்ஸ்புரொஃபைல் என்ற ஃபைலில் வைத்துவிடுங்கள்.

இதே வேலையை 1366க்கு 768 மானிட்டருக்குச் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சிவிடி உங்களுக்கு 1368 என்று கொடுக்கும். பிசகு இல்லை, அது எட்டால் வகுபடும் எண்ணைத்தான் ஏற்கும், 1366 எட்டால் வகுபடாது.

கே: நகரியில் விசைத்தறி. டிசைன் போட என்விடியா கார்டு உள்ள லேப்டாப்பில் உபுண்டு லினக்ஸ். டிசைனை எச்டிஎம்ஐ வழியாகப் பெரிய மானிட்டரில் பார்ப்பேன். போன வாரம் என்விடியா டிரைவர் போட்டு ரீஸ்டார்ட் செய்தேன். அதிலிருந்து லேப்டாப் திரை நன்றாக வருகிறது, வெளி மானிட்டர் மட்டும் 'சிக்னல் இல்லை' என்கிறது. எச்டிஎம்ஐ போர்ட் போய்விட்டது, மதர்போர்டு மாற்ற வேண்டும் என்று இங்கே ஒருவர் சொல்கிறார்.
– ஒரு வாசகர், நகரி

ப: மதர்போர்டா! பணத்தை உள்ளே வையுங்கள் சார்.

முதலில் ஒரு கேள்வி. டிரைவர் போடும்போது ஏதாவது பாஸ்வேர்டு வைக்கச் சொன்னதா? ரீஸ்டார்ட் ஆனதும் நீல நிறத்தில் ஒரு திரை வந்து, ஏதாவது ஒரு கீயை அழுத்துங்கள் என்று பத்து நொடி எண்ணியதா? அதைப் பார்க்காமல் டீ குடிக்கப் போய்விட்டீர்களா?

போயிருந்தால் அதுதான் நடந்தது. செக்யூர் பூட் ஆன் ஆகியிருக்கும் லேப்டாப்பில், கையெழுத்து இல்லாத டிரைவரைக் கெர்னல் உள்ளே விடாது. உபுண்டு உங்கள் மெஷினிலேயே ஒரு சாவி செய்து டிரைவரில் கையெழுத்துப் போடும், ஆனால் அந்தச் சாவியை ஏற்கிறேன் என்று நீங்கள் அந்த நீலத் திரையில் 'என்ரோல் எம்ஓகே' தேர்ந்தெடுத்து, வைத்த பாஸ்வேர்டை அடித்துச் சொல்ல வேண்டும். பத்து நொடியில் சொல்லாவிட்டால் அது பேசாமல் பூட் ஆகிவிடும். டிரைவர் வெளியே நிற்கும்.

சரி, லேப்டாப் திரை மட்டும் எப்படி வருகிறது? உங்கள் மாதிரி லேப்டாப்பில் சிப் இரண்டு. சொந்தப் பேனல் இன்டெல் சிப்பில் தொங்குகிறது, எச்டிஎம்ஐ வாசல் பல மாடல்களில் நேரே என்விடியா சிப்பில் இணைந்திருக்கும். என்விடியா டிரைவர் ஏறவில்லை என்றால் அந்த வாசலுக்குக் காவல்காரன் இல்லை. என்விடியா-எஸ்எம்ஐ என்று தட்டிப் பாருங்கள். டிரைவரோடு பேச முடியவில்லை என்று பதில் வந்தால் நான் சொன்னதேதான்.

செய்ய வேண்டியது: நடுவில் உள்ள அப்டேட் எல்லாம் முடித்துவிட்டு, உபுண்டுவின் 'அடிஷனல் டிரைவர்ஸ்' பக்கத்திலிருந்தே போடுங்கள். அங்கே கிடைக்கும் டிரைவர்களில் உபுண்டுவே முன்கூட்டிக் கையெழுத்துப் போட்டவை உண்டு, அதற்கு நீலத் திரை வேலையே இல்லை. என்விடியா தளத்திலிருந்து ரன் ஃபைல் இறக்கிப் போடும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள், ஒவ்வொரு கெர்னல் அப்டேட்டுக்கும் அழ வேண்டியிருக்கும். செக்யூர் பூட்டையே அணைத்துவிடலாம் என்றும் சிலர் சொல்வார்கள். அணைக்கலாம். ஆனால் அதே லேப்டாப்பில் விண்டோஸும் இருந்து அதில் பிட்லாக்கர் என்ற டிஸ்க் பூட்டு போட்டிருந்தால், அடுத்த தடவை விண்டோஸ் ரெக்கவரி கீ கேட்டு உட்கார்ந்துகொள்ளும். கீ கையில் இல்லாமல் அந்த வேலையில் இறங்காதீர்கள்.

கே: கொழிஞ்சாம்பாறையில் தமிழ் மீடியம் டீச்சர். ஸ்கூலில் பிள்ளைகளுக்கு லினக்ஸ்தான் என்பதால் வீட்டு லேப்டாப்பிலும் அதையே போட்டேன். நேற்றிலிருந்து பாஸ்வேர்டு அடித்தால் ஒரு நொடி கறுப்பாகி மறுபடி பாஸ்வேர்டே கேட்கிறது. பாஸ்வேர்டு தப்பு என்றும் சொல்லவில்லை. என் தம்பி சொன்னபடி கறுப்புத் திரைக்குப் போனால் அங்கே எல்லாம் கட்டம் கட்டமாக வருகிறது. சிஸ்டத்தின் மொழியைத் தமிழாக வைத்திருக்கிறேன்.
– ஒரு ஆசிரியை, கொழிஞ்சாம்பாறை

ப: உங்கள் தம்பி சரியான இடத்துக்குத்தான் அனுப்பியிருக்கிறார். வீட்டில் லைட் அணைந்தால் முதலில் என்ன செய்வோம், ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டில் கரண்ட் இருக்கா என்று எட்டிப் பார்ப்போம் அல்லவா? கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துவது அந்த எட்டிப் பார்ப்பது. எழுத்துத் திரை வந்தால் கெர்னலும் டிஸ்க்கும் பேனலும் உயிரோடு இருக்கின்றன, கோளாறு படத்திரையோடு முடிகிறது.

கட்டம் கட்டமாக வருவதற்கும் உங்கள் கோளாறுக்கும் சம்பந்தம் இல்லை. அந்த எழுத்துத் திரை 512 வடிவங்களுக்கு மேல் வைத்துக்கொள்ளாது, கொம்பையும் காலையும் எழுத்தோடு சேர்க்கவும் அதற்குத் தெரியாது. தமிழ் மேல் அதற்குக் கோபம் ஒன்றும் இல்லை, மலையாளத்துக்கும் அதே கதிதான். லாகின் ஆனதும் 'எக்ஸ்போர்ட்', இடைவெளி, 'லாங்' பெரிய எழுத்தில், சமக்குறி, பெரிய எழுத்தில் சி என்று அடியுங்கள், அந்த அமர்வுக்கு மட்டும் செய்திகள் ஆங்கிலத்தில் வரும்.

இனி விஷயம். சமீபத்தில் யாராவது சூடோ (ரூட் அதிகாரம் தரும் கட்டளை) சேர்த்து ஸ்டார்ட்எக்ஸ் ஓட்டினார்களா? (தம்பியைக் கேளுங்கள்.) அப்படி ஓட்டினால் உங்கள் வீட்டு ஃபோல்டரில் இருக்கும் எக்ஸ்அத்தாரிட்டி என்ற மறைவு ஃபைல் ரூட்டின் சொத்தாகிவிடுவது உண்டு. அப்புறம் நீங்கள் உள்ளே வரும்போது உங்கள் வீட்டுச் சாவியே உங்கள் கையில் இல்லை. எக்ஸ் கதவை மூடிவிட்டுத் திரும்ப வாசலில் நிறுத்துகிறது. எல்எஸ், இடைவெளி, சிறுகோடு, எல்ஏ என்று தட்டினால் அந்த ஃபைல் யார் பெயரில் என்று தெரியும். ரூட் என்று இருந்தால் சூடோ போட்டு அழித்துவிடுங்கள், அடுத்த லாகினில் புதிதாக உருவாகிவிடும்.

உங்கள் பெயரிலேயே இருந்தால் டிஎஃப், சிறுகோடு, எச் என்று தட்டி டிஸ்க்கைப் பாருங்கள். 100 சதவீதம் என்று இருந்தால் அந்தச் சின்ன ஃபைலை எழுதக்கூட இடம் இல்லை. டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் கிடக்கும் பழைய பாட வீடியோக்களை எடுத்துவிட்டால் உள்ளே போகலாம்.

கே: எக்ஸ்ரேண்டரில் எது செய்தாலும் எனக்கு வேலை செய்வதில்லை. ஃபெடோரா லினக்ஸ். என்ன தப்பு?
– ஒரு வாசகர், களியக்காவிளை

ப: தப்பு ஒன்றும் இல்லை, நீங்கள் எக்ஸுக்குப் பதிலாக வந்த வேலண்டில் இருக்கிறீர்கள். ஃபெடோரா 2016இல் வந்த 25ஆம் பதிப்பிலிருந்தே வேலண்டைத்தான் இயல்பாக வைத்திருக்கிறது. அங்கே மானிட்டர்களை நிர்வகிப்பது டெஸ்க்டாப்பே. எக்ஸ்ரேண்டர் பேசுவது பழைய புரோகிராம்களுக்காக நடுவில் வைத்திருக்கும் ஒரு பொம்மை எக்ஸோடு. செட்டிங்ஸில் டிஸ்ப்ளே பக்கத்துக்குப் போய் மாற்றுங்கள். இணையத்தில் எந்தக் குறிப்பைப் படித்தாலும் அது எக்ஸுக்கா வேலண்டுக்கா என்று முதலில் பாருங்கள்.

கே: ஆரியங்காவில் இருந்து எழுதுகிறேன். லேப்டாப் ஆன் ஆகிறது, பாட்டு கேட்கிறது, திரை முழுக் கறுப்பு. நீங்கள் பக்கத்து ஊர்தானே, ஒரு எட்டு வந்து பார்க்க முடியுமா?

ப: ஒரு தடவை இப்படித்தான் அச்சன்கோவில் வரை பஸ் பிடித்துப் போனேன். அந்த வீட்டுக் குழந்தை வெளிச்சம் குறைக்கும் கீயைப் பூஜ்யம் வரை அழுத்தி வைத்திருந்தது. நல்ல சாப்பாடு போட்டார்கள், அது வேறு. ஆகவே வருவதற்கு முன்னால்: இரவில் அறையை இருட்டாக்கி, போன் டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாக ஐகான்களோ எழுத்தோ தெரிந்தால் படம் வந்துகொண்டுதான் இருக்கிறது, பின்வெளிச்சம் மட்டும் இல்லை. வெளிச்சக் கீயை முழுக்க ஏற்றிப் பாருங்கள், அதற்கும் மசியாவிட்டால் பூட் ஆகும்போது கெர்னலுக்குக் கொடுக்கும் வரியில் ஏசிபிஐ பேக்லைட் (நடுவில் அடிக்கோடு) என்பதற்கு 'நேட்டிவ்' என்று ஒருமுறை கொடுத்துப் பார்க்கலாம். ஒன்றுமே தெரியாவிட்டால் ஒரு வெளி மானிட்டரையோ டிவியையோ மாட்டிப் பாருங்கள். டார்ச்சில் என்ன தெரிந்தது, டிவியில் என்ன தெரிந்தது என்று இரண்டு வரி எழுதிப் போடுங்கள், அதைப் பார்த்துவிட்டு வருவதா வேண்டாமா என்று சொல்கிறேன்.